தீபாவளிக்கு ஊருக்குப் போகணும், வெடிச் சத்தம்தான் தாங்க முடியவில்லை

கேள்வி: எனக்கு 28 வயது. ஆட்டிசம் இருப்பது வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனால், விடிவதற்கு முன்பே தெருவில் சரவெடி தொடங்கிவிடும். கை நடுங்கும், பேச்சே வராது. காதில் பஞ்சு வைத்தும் பயனில்லை. "சின்னப் பிள்ளையா நீ, பழகிக்கோ" என்கிறார் அம்மா. போகாமல் இருக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இது பயந்த சுபாவமோ பிடிவாதமோ இல்லை. ஆட்டிசம் உள்ள பலருக்கும் சத்தம் மற்றவர்களைவிடக் கடுமையாகவே வந்து தாக்கும். அதிலும் அடுத்த வெடி எந்த நொடியில் என்று தெரியாமல் உடம்பு விறைத்தபடி காத்திருப்பதுதான் பாதி வதை. சரவெடி நடுவே நிறுத்திவைத்து யாரையும் பழக்க முடியாது. அடுத்த வருடம் பதற்றம் இன்னும் சீக்கிரம் தொடங்கும், அவ்வளவுதான்.

பஞ்சை விடுங்கள். ஃபோம் இயர்பிளக் வாங்குங்கள். விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். சரியாகப் பொருந்தினால் சத்தம் சுமார் 20 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். தொழிற்சாலையில் போடும், காதை முழுதாக மூடும் இயர்மஃபை அதன்மேல் மாட்டினால் இன்னும் 5 டெசிபல் போல. விலை அதிகமான நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனை இதற்காக வாங்க வேண்டாம். பஸ், ஏசி மாதிரி சீரான இரைச்சலைத்தான் அது நன்றாக அடக்கும், திடீர் வெடியை அல்ல. ஊருக்குப் போகும் முன்பே போட்டுப் பழகுங்கள். ஆனால் அமைதியான நேரத்தில் கழற்றிவிடுங்கள். நாள் முழுக்கப் போட்டிருந்தால் காது இன்னும் கூசும்.

அடுத்தது தூக்கம். முந்தின இரவு பலகாரம், விருந்தாளிகள், விடியாமலே எண்ணெய்க் குளியல், புதுத்துணியின் உறுத்தல் எல்லாம் சேர்ந்தே உங்களைக் களைக்க வைக்கின்றன. வெடி கடைசியில் வருகிறது. குளியலைத் தள்ளிப்போடுங்கள், துணியை முன்கூட்டியே துவைத்துவிடுங்கள். தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறையைக் கேட்டு வாங்கி, ஃபேனை வேகமாக ஓடவிடுங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தால் புகையும் குறையும்.

2018 முதல் தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6–7, இரவு 7–8 என்று நேரம் ஒதுக்கப்படுகிறது. தெருவில் அது அப்படியே நடப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டாரிடம் பேச அது ஒரு பிடி. "இந்த நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சரவெடியைத் தெருமுனையில் வையுங்கள்" என்று அம்மா மூலமாகக் கேளுங்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. பறவைகளுக்காக ஓர் ஊரே விட்டுக்கொடுக்கிறது. வீட்டுப் பிள்ளைக்காகச் சில மணி நேரம் கேட்பதில் என்ன தயக்கம்?

பேச்சு வராதபோது காட்ட ஒரு சைகையை அம்மாவோடு இப்போதே பேசி வையுங்கள். காட்டியதும் யாரும் கேள்வி கேட்காமல் உங்களை அறைக்குப் போகவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் முடியவில்லை என்றால், பண்டிகை முடிந்து இரண்டு நாள் கழித்துப் போங்கள். அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட மிச்சப் பலகாரமே போதும். சாதாரண நாட்களிலும் பேச்சு நின்றுபோனால், மனநல மருத்துவரையோ, அன்றாடச் செயல்களைச் சமாளிக்கப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையோ தீபாவளிக்குக் காத்திராமல் பாருங்கள்.