சீனப் பாணிக் கிண்ணங்களில் ஏன் இத்தனை விரிசல் கோடுகள்?

பழைய சீனப் பாண்டங்களைப் பார்த்துக் கையால் வனையும் கலைஞர்கள் வேண்டுமென்றே வரவழைக்கும் கோடுகள் அவை. சோங் வம்ச காலத்துப் (960–1279) பாண்டங்கள்தான் முன்மாதிரி.

விரிசல் விடுவது மேலே பூசிய கண்ணாடி போன்ற மெருகு மட்டுமே. சூளை வெப்பத்தில் அது மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. ஆறும்போது மண்ணைவிட அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது. அடியிலிருக்கும் மண் விடுவதில்லை. இந்த இழுபறியில் மெருகு கீறிக்கொள்கிறது. ஏரி வற்றும்போது மேல்சேறு பாளம் பாளமாக வெடிக்கிறதே, ஏறக்குறைய அதே கதை. சூளையிலிருந்து எடுத்து நாள்கள் கழிந்தும் சில கிண்ணங்கள் 'டிங்' என்று முனகும்!

அப்புறம் கோடுகளில் மை தேய்ப்பார்கள். 'கே' எனும் பழைய சீன வகைப் பாண்டங்களில் கருங்கோடும் மஞ்சள் கோடும் பின்னிக் கிடப்பதைச் சீனர்கள் 'பொன் நூல், இரும்புக் கம்பி' என்கிறார்கள். பொருத்தமான பெயர்.

கிண்ணம் உடையப்போகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். மண் முழுசாகத்தான் இருக்கிறது, குழம்பு ஊற்றி வைத்தால் கறைதான் ஏறும்.