கண்ணாடியில் மழைத்துளி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானுஓயாவில் இருந்து பதுளை போகும் ரயிலில், மூடிய ஜன்னல் வழியாகப் போனில் எடுத்த படங்களை மழைத்துளி நீக்கும் ஆழ்கற்றல் (நிறையப் படங்களைப் பார்த்துத் தானே பழகும்) நிரலில் போட்டேன். பெரிய துளி அப்படியே நிற்கிறது. இன்னொன்று போன இடத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகமே குழம்பிவிட்டது. ஏன்?
வாசகி, ஹட்டன்

பதில்: படத்தின் அளவைப் பாருங்கள். இத்தகைய நிரல்கள் பலவற்றைப் பழக்கியது 2018இல் பீக்கிங் பல்கலைக்கழக, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட 1,119 சோடிப் படங்களை (ஒரே காட்சி, துளியோடு ஒன்று, துளியில்லாமல் ஒன்று) கொண்டு. அவை 720×480 பிக்சல். உங்கள் படம் 4000 பிக்சல் அகலம் என்றால் துளியும் ஐந்து மடங்குக்கு மேல் பெரிது. நிரலுக்கு அது துளியாகவே படாது. நீளப் பக்கத்தை 720க்குக் குறைத்து, இரு பக்கமும் நாலால் வகுபடும்படி வெட்டி நிரலில் போடுங்கள். வந்ததைப் பெரிதாக்கி, துளி இருந்த இடத்தை மட்டும் மூலப்படத்தில் ஒட்டுங்கள். மற்ற இடத்தில் கூர்மை குறையாது.

முகம் வேறு விசயம். துளி ஒரு சின்ன லென்ஸ். பின்னால் இருப்பதைக் காட்டாமல் சுற்றுப்புறம் முழுவதையும் தலைகீழாக வளைத்துக் காட்டும். மெல்லிய ஓரத்தில் பின்னணி கொஞ்சம் கலந்திருக்கும், மீட்கலாம். தடித்த நடுவில் எதுவும் இல்லை. நிரல் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. தேயிலைச் செடிக்கு அது போதும். முகத்துக்குப் போதாது, அழகாக வந்தாலும் அது அந்தப் பெண்ணின் முகம் அல்ல. ரயில் நிற்கும்போது போனைப் பக்கவாட்டில் இரண்டு மூன்று சென்றிமீற்றர் நகர்த்தி நகர்த்தி ஐந்தாறு படம் எடுங்கள். தூரத்து மலை அசையாது, துளி மட்டும் இடம் மாறும். ஒன்றில் மறைந்தது இன்னொன்றில் கிடைக்கும்.

கேள்வி: நிரலைப் பழக்க, நம் ஊர்க் காட்சிகளில் நாமே சோடிப் படம் தயாரிக்கலாமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: தாராளமாக. ஒரே தகட்டில் வெட்டிய 3 மில்லிமீற்றர் கண்ணாடி இரண்டு எடுங்கள். ஒன்றில் தண்ணீர் தெளித்து, லென்ஸுக்கு முன் 2 முதல் 5 சென்றிமீற்றரில் வைத்து எடுங்கள். பிறகு சுத்தமான மற்றதை அதே இடத்தில் வையுங்கள். கண்ணாடியே இல்லாமல் இரண்டாவதை எடுத்தால் ஒளிப்பாதை மாறிக் காட்சி நகரும். முக்காலி கட்டாயம், ஃபோகஸ், வெளிச்சம், நிறம் மூன்றையும் பூட்டிவிடுங்கள்.

மலையகத்தில் சோடியைக் கெடுப்பது மூடுபனிதான். இரண்டு படத்துக்கும் இடையில் அது நகர்ந்தால், பனியையும் துளி என்று நிரல் பழகிவிடும். காற்றில்லாத நேரத்தில் லயத்துச் சுவர், கல் படிக்கட்டு என்று அசையாததை எடுங்கள். பிறகு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள்: துளிக்கு வெளியே பிக்சல் வித்தியாசம் (0 முதல் 255 வரையான அளவில்) 30ஐத் தாண்டினால் அந்தச் சோடியை எறிந்துவிடுங்கள்.