துலூஸ் கைமாறின கதை

கேள்வி: தெற்கு பிரான்ஸ்ல துலூஸ் பிரபுக்கள், கத்தோலிக்கத் திருச்சபை ஏத்துக்காத காத்தார்ங்கிற பிரிவைச் சேர்ந்த மதத்துரோகிகளுக்கு அடைக்கலம் குடுத்தாங்க, சிலுவைப் போர்ல அழிஞ்சாங்க, நாடு ராஜாவுக்குப் போச்சு. இதுல என்ன அநியாயம் இருக்கு?

பதில்: ஜெயிச்சவங்க எழுதி வச்சதை அப்படியே கேக்குறீங்க. அந்தக் குடும்பத்துல ஒரு பிரபுவும் காத்தார் கிடையாது. முதல் சிலுவைப் போருக்கே பெரிய படையோட போன நாலாம் ரேமண்ட் இந்த வம்சம்தான், 1105ல லெபனான் பக்கத்துத் திரிப்போலியை முற்றுகை போட்டுக்கிட்டு இருக்கும்போதே செத்தார்.

துலூஸ் மேல கண்ணு வச்சதும் மதச் சண்டைக்கு ரொம்ப முன்னாடியே. இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஹென்றி 1159லயே படையோட வந்து நின்னார், பொண்டாட்டியோட பாட்டி இந்த வீட்டுப் பொண்ணு, அதனால எனக்குப் பாத்தியதை உண்டுன்னு. பிரான்ஸ் ராஜா ஏழாம் லூயி ஊருக்குள்ள வந்து உக்காந்ததும் பின்வாங்கிட்டார்.

அப்புறம் 1208ல போப்போட தூதர் ஒருத்தரைக் கொன்னுட்டாங்க, பழி அப்போ துலூஸை ஆண்ட ஆறாம் ரேமண்ட் மேல விழுந்துச்சு, காத்தார்களை ஒழிக்கணும்னு போப் தெற்கு பிரான்ஸ் மேலயே சிலுவைப் போர் அறிவிச்சார். 1209 ஜூன்ல சேன் ஜில் கோயில் வாசல்ல, சட்டையைக் கழட்ட வச்சு, ஊர் பாக்க அவரைச் சாட்டையால அடிச்சாங்க. அதையும் வாங்கிக்கிட்டு சிலுவைப் படையிலயே சேர்ந்தார். அடுத்த மாசம் பெசியே ஊரையே வெட்டிப் போட்டாங்களே, அது துலூஸ் பிரபு நேரா ஆண்ட ஊர் இல்ல, திராங்கவெல் குடும்பத்தோடது. அப்படி இருந்தும் இவரை விடல. 1213ல மூரே சண்டையில இவருக்காக வந்து செத்தது யாரு தெரியுமா, அரகோன் ராஜா பெத்ரோ, தன் தங்கச்சிங்க ரெண்டு பேரை இந்த வீட்டு அப்பாவுக்கும் மகனுக்கும் கட்டிக் குடுத்தவர், ஒரு வருஷம் முன்னாடிதான் ஸ்பெயின்ல முஸ்லிம் படையைத் தோக்கடிச்சு கிறிஸ்தவ உலகமே கொண்டாடின ஆளு. அவரும் மதத்துரோகியா?

1215ல ரோம்ல கூடின சபை துலூஸைத் தூக்கி சிலுவைப் படைத் தலைவர் சீமோன் தெ மோன்ஃபோர் கையில குடுத்துச்சு. ஊர் ஜனங்க ஒத்துக்கல, ரெண்டே வருஷத்துல பழைய பிரபுவை உள்ள கூட்டிட்டு வந்துட்டாங்க, 1218 ஜூன்ல மதில்லேர்ந்து பறந்து வந்த கல்லு சீமோன் மண்டையை உடைச்சுது. அந்தக் கல்லெறியும் பொறியை இயக்கினது ஊர்ப் பொம்பளைங்கதான்னு அந்தக் காலத்துப் பாட்டுலயே இருக்கு. ஆக போர்ல துலூஸ் தோக்கல, இதைத்தான் நீங்க கவனிக்கணும்.

தோத்தது 1229 ஒப்பந்தத்துல. சீமோன் மகனோட பாத்தியதையை பிரான்ஸ் ராஜா எட்டாம் லூயி வாங்கிக்கிட்டு 1226ல படையெடுத்தார், அவர் செத்த பிறகு விதவை ராணி பிளான்ஷ் விடாம நெருக்கினா. அவ வேற யாரும் இல்ல, ஆறாம் ரேமண்டோட மகன் ஏழாம் ரேமண்டுக்கு சொந்தப் பெரியம்மா மக. பாரிஸ் நோத்ர் தாம் கோயில்ல மன்னிப்பு கேக்க வச்சு எழுதி வாங்கினாங்க. ஏழாம் ரேமண்டோட ஒரே பொண்ணு ழானை, பிளான்ஷோட மகனான புது ராஜாவோட தம்பிக்குக் கட்டிக் குடுக்கணும், ரேமண்டுக்கு அப்புறம் துலூஸ் அவங்களுக்கு, அவங்களுக்குப் பிள்ளை இல்லேன்னா ராஜாவுக்கு. அப்போ ழானுக்கு 9 வயசுதான். ஊர் மதிலை இடிக்கணும், 10 வருஷம் வாத்தியார்களுக்குச் சம்பளம் குடுக்கணும்னும் இருந்துச்சு, துலூஸ் பல்கலைக்கழகம் பிறந்ததே இதுலதான்.

மனுஷன் 20 வருஷம் தவிச்சார். ஆண் வாரிசு வேணும்னு மறுகல்யாணத்துக்கு அலைஞ்சார், கடைசியில கேட்ட புரோவான்ஸ் பொண்ணு பெயாத்ரீஸை 1246ல ராஜாவோட இன்னொரு தம்பி கட்டிக்கிட்டான். அப்பா ஆறாம் ரேமண்ட் 1222ல திருச்சபையிலேர்ந்து ஒதுக்கி வச்ச நிலையிலயே செத்ததால உடம்பைப் புதைக்கவே விடல, 1247ல நூத்துக்கும் மேல சாட்சிங்க அவர் பக்திமான்னு சொல்லியும் ரோம் அசையல. மகன் சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆழான் பக்கத்துல 80 பேரை மதத்துரோகின்னு எரிச்சார், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், அது கொடுமை. ஆனா நீங்க சொல்ற அடைக்கலம் அதுல எங்க இருக்கு?

1249ல அவர் போனார். ழானும் புருஷன் அல்ஃபோன்ஸும் 1271 ஆகஸ்ட்ல நாலு நாள் இடைவெளியில, சிலுவைப் போருக்குப் போயிட்டுத் திரும்புற வழியில, பிள்ளை இல்லாம செத்தாங்க. ராஜாவோட அதிகாரிங்க வந்து ஊர் ஊரா சத்தியம் வாங்கினாங்க, எங்க பழைய உரிமையும் வழக்கமும் அப்படியே இருக்கணும்னு ஜனங்க சொன்னதும் அவங்க எழுதின பதிவேட்டுலயே இருக்கு.