காலையில் வரும் பூங்கொத்து இரவு விருந்துவரை தாங்குமா?

கேள்வி: வரும் ஆவணியில் என் இளைய மகளுக்குத் திருமணம். காலையில் சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றில் முகூர்த்தம், இரவு 7 மணிக்கு ஹோட்டலில் வரவேற்பு. வரவேற்பில் பியோனியும் ஹைட்ராஞ்சியாவும் கலந்த கைப்பூங்கொத்துதான் வேண்டும் என்கிறாள் மகள். சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் ஒருவர், மாலை, மேடை அலங்காரம், பூங்கொத்து எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் தருவதாகவும், தேதி கைவிட்டுப் போகாமல் இருக்க முழுப் பணத்தையும் இப்போதே அனுப்பும்படியும் சொல்கிறார். மூத்தவளின் நிச்சயதார்த்தத்தில் மேடை ஏறுமுன்னரே பூங்கொத்து தலை தொங்கிவிட்டது. நம் ஊர் வெயில்தான் காரணமா? வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தாங்குமா? — ஜூரோங் வெஸ்ட் வாசகி, சிங்கப்பூர்

பதில்: வெயிலைக் குறைசொல்லுமுன், அன்று அந்தப் பூங்கொத்து எத்தனை மணிக்கு உங்கள் கைக்கு வந்தது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். அநேகமாக மாலைகளோடு சேர்ந்து விடியற்காலையிலேயே வந்திருக்கும். வெட்டிய பூ தண்டின் வழியே நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். நீரிலிருந்து எடுத்த சற்று நேரத்தில் தண்டின் நுனியில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். இதழ்களோ தம்மிடமுள்ள நீரை இழந்துகொண்டே இருக்கும். நல்ல ரோஜாகூட நீரில்லாமல் காலை முதல் இரவுவரை தாங்காது. அதற்கு வெயில் வேண்டியதில்லை, ஹோட்டலின் வறண்ட குளிர்காற்றே போதும்.

காலையிலேயே கொண்டுவந்து தருவது ஏன் என்றால், இரண்டாவது முறை வண்டி அனுப்ப அவர்களுக்கு மனமில்லை. தொகுப்பு விற்பவருக்கு மாலை, பூங்கொத்து, மேடை எல்லாம் ஒரே சுமை; ஒரே நடையில் இறக்கிவிட்டால் அவருக்குப் போக்குவரத்துச் செலவு மிச்சம். ஆகவே நீங்கள் முதலில் எழுதி வாங்க வேண்டியது, பூங்கொத்து தனியாக, மாலை 4 மணிக்குப் பிறகு, தண்டுகள் நீரில் நிற்கும்படி வாளியிலோ குவளையிலோ வைத்து ஹோட்டலுக்கே வர வேண்டும் என்பதைத்தான். கொத்தின் கட்டுக்குக் கீழே தண்டுகள் வெளியே தெரியும்படி கட்டச் சொல்லுங்கள். அப்படிக் கட்டினால் மணப்பெண் மண்டபத்துக்குள் நுழையும் நொடிவரை அதை நீரில் வைத்திருக்கலாம், எடுக்கும்போது ஒரு துணியால் ஒற்றினால் போதும். கம்பியால் சுற்றிக் கட்டும் கொத்து படத்தில் அழகாக இருக்கும், ஆனால் அதற்கு நீர் கொடுக்க வழியே இல்லை.

இப்போது அந்தத் தொகுப்புக்காரரைப் பற்றி. இத்தகையவர்களில் பலருக்குக் கடையும் இல்லை, குளிர் அறையும் இல்லை, பூக்கட்டத் தெரிந்த கையும் இல்லை. வெளிநாட்டு வடிவமைப்பாளர்களின் படங்களைக் காட்டி ஆர்டர் பிடிப்பார்கள். தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஏதோ ஒரு பூக்கடைக்குக் கொடுப்பார்கள். அந்தக் கடைக்காரர் தமக்குக் கிடைத்த தொகைக்கு எவ்வளவு பூ வருமோ அவ்வளவு வைத்து அனுப்புவார். குறை வந்தால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். போதாக்குறைக்கு, வெளியிலிருந்து வரும் அலங்காரத்துக்கென்று தனிக் கட்டணம் வசூலிக்கும் ஹோட்டல்களும் உண்டு; கட்டணத்தை வாங்கிக்கொண்ட பிறகும் விருந்துக்குச் சற்று முன்னர்தான் கதவைத் திறப்பார்கள், வாளி வைக்க ஓர் இடம் கேட்டால்கூட மேலாளரைக் கேட்க வேண்டும் என்பார்கள். திருமணப் பூவுக்கு நம் குடும்பங்கள் கொடுக்கும் பணத்தில் பூவுக்குப் போய்ச் சேரும் பகுதி எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆளைச் சோதிக்க எளிய வழி உண்டு. அவர் காட்டும் படத்திலுள்ள அதே கொத்தின் பின்பக்கத்தையும் கட்டுப் பகுதியையும் படமாக அனுப்பச் சொல்லுங்கள். தாமே கட்டியவரிடம் அது இருக்கும், அல்லது இந்த வாரம் கட்டிய ஒன்றையாவது உடனே காட்டுவார். மற்றவர் பேச்சை மாற்றுவார். தேதி போய்விடும் என்ற அவசரத்துக்கும் மயங்க வேண்டாம். ஆவணியின் ஒரு பகுதி பெரும்பாலும் சீனர்களின் ஏழாம் மாதத்தோடு ஒட்டியே வரும். அந்த மாதத்தில் சீனக் குடும்பங்கள் பலவும் திருமணம் வைப்பதைத் தவிர்ப்பதால், அலங்காரத் தொழிலில் இருப்பவர்களுக்கு அப்போது வேலை குறைவு. பேரம் பேச வேண்டிய நேரம் அது.

மகளின் விருப்பத்துக்கு வருவோம். பியோனி வட நாடுகளில் ஏறத்தாழ ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் வரையும், நியூசிலாந்து, சிலி போன்ற தென் நாடுகளில் அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் வரையும் பூக்கும். ஆவணி இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் "பியோனி தருகிறேன்" என்று வாயளவில் ஒருவர் உறுதி சொன்னால், கடைசி நாளில் "பூக்கள் கையிருப்புக்கேற்ப மாறும்" என்ற வரியைக் காட்டுவார் என்றே கொள்ளுங்கள். ஹைட்ராஞ்சியா எப்போதும் கிடைக்கும், ஆனால் நீருக்கு அலையும் பூ அது. வெட்டிய நுனியைப் படிகாரத் தூளில் தோய்த்துக் குவளையில் வைத்தால் மேசையில் நன்றாக நிற்கும். கையில் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் படமெடுக்க ஏற்றதன்று. அடுக்கிதழ் ரோஜாவும் லிசியாந்தஸும் சேர்ந்தால் பியோனியின் தோற்றம் ஏறத்தாழ வந்துவிடும். ரோஜா புதியதா என்று அறிய, பூவின் அடியில் காம்பு சேருமிடத்தை இரு விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதியது, பஞ்சுபோல் அமுங்கினால் பழையது, வாடிய வெளியிதழ்களைப் பிடுங்கிப் புதிதாகக் காட்டியிருக்கலாம்.

குளிர்பதனப் பெட்டியில் வைப்பதைப் பொதுவாக நான் பரிந்துரைப்பதில்லை. பூக்கடைகளின் குளிர் அறை 2 முதல் 4 டிகிரியில், ஈரப்பதத்தோடு இருக்கும். வீட்டுப் பெட்டியின் காற்று வறண்டது, உள்ளே ஆப்பிளும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டுக்கொண்டிருக்கும், அது பட்டால் கார்னேஷன் இதழ் சுருங்கி மூடிக்கொள்ளும். பழங்களை அகற்றிவிட்டு, தண்டு நீரில் இருக்க, தலைப்பகுதியை மெல்லிய தாளால் மூடி ரோஜாவை ஓரிரவு வைக்கலாம். ஆனால் ஆர்க்கிட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்காதீர்கள். நம் ஊரில் அதிகம் புழங்கும் டென்ட்ரோபியம் வெப்பநாட்டுப் பூ. 10 டிகிரிக்குக் கீழே சென்றால் அதன் இதழ் உள்ளுக்குள் அடிபடும். பெட்டியில் இருக்கும்வரை அது தெரியாது என்பதுதான் இதிலுள்ள தொல்லை. வெளியே எடுத்துச் சில மணி நேரம் கழித்து, மணப்பெண் மேடையில் நிற்கும் வேளையில், இதழ்கள் நீர் கோத்துக் கண்ணாடிபோல் ஆகிப் பழுப்பேறும். ஆந்தூரியத்துக்கும் இதே நிலைதான். மாப்பிள்ளையின் சட்டையில் குத்தும் ஒற்றை ஆர்க்கிட்டுக்கும் பொருந்தும், தலையில் சூட வாங்கி வைக்கும் ஆர்க்கிட்டுக்கும் பொருந்தும். ரோஜாவும் ஆர்க்கிட்டும் கலந்த கொத்தானால் ஆர்க்கிட்டின் விதியைத்தான் பின்பற்ற வேண்டும்: குளிரூட்டிய அறையில், காற்று நேரே படாத மூலையில், தண்டு நீரில் இருந்தால் போதும். மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறோமே என்று கேட்பீர்கள். மொட்டு விரிவதை ஓரிரவு தள்ளிப்போடச் செய்வது அது, அதைத் தாராளமாகச் செய்யலாம். நிறுத்திவைத்த காருக்குள் மட்டும் எந்தப் பூவையும் விட்டுச் செல்லாதீர்கள்.

பணத்தை முழுதாக அனுப்ப வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகவும் மிச்சத்தைப் பூ கைக்கு வந்த பிறகும் தருவதாகச் சொல்லுங்கள். அதற்கு இணங்காதவரை விட்டுவிடுங்கள். நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேட்டு, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் அது நடப்பில் உள்ளதா என்று கட்டணமின்றிப் பாருங்கள். பேநவ் மின்பணப் பரிமாற்றம் வழியாக அனுப்பும்போது யாருடைய கைத்தொலைபேசி எண்ணுக்கோ அனுப்பாமல், அந்தப் பதிவு எண்ணுக்கே அனுப்புங்கள். பூ மாறலாம் என்ற வரியை அடியோடு நீக்க எந்தக் கடைக்காரரும் ஒப்பமாட்டார், பூ நம் கையில் இல்லாத பொருள். ஆனால் நிறமும் அளவும் மாறக்கூடாது, மாற்றுப் பூவின் மதிப்பு குறையக்கூடாது, முதல் நாளே தகவல் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் அதோடு சேர்த்து எழுதி வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றினால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அவர்கள் பேசிப் பார்ப்பார்கள், கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கட்டாயப்படுத்த வல்லது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் வழக்கறிஞர் இல்லாமலே அங்குத் தொடுக்கலாம். ஒரு பூங்கொத்துக்காக, அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸில் நுழைந்து படிவம் நிரப்பி, விடுப்பெடுத்துப் போய் நிற்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும் என்பது ஏமாற்றுபவர்களுக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் போவதானால் சான்று வேண்டும். மறுநாள் எடுக்கும் படத்தில் எல்லாப் பூவும் வாடியே இருக்கும் என்பதால், கொண்டுவந்தவர் கிளம்புமுன், நேரம் பதியும்படி பூங்கொத்தையும் தண்டின் நுனியையும் திறன்பேசியில் படமெடுக்க உறவினர் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.