பிரேக் இல்லாத பைக்கும் பதினேழு வயதுப் பையனும்

போலந்தின் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2025-இல் ஆறாவது முறையாக உலக ஸ்பீட்வே சாம்பியன் ஆனார் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி ‘ஸ்பீட்வே என்றால் என்ன’, மீதி ‘அவர் சின்ன வயதில் எப்படி மேலே வந்தார்’. எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு என்பதால் இந்த வாரப் பகுதி முழுக்க அதற்கே.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): அண்ணா, எங்கள் ஊர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ரேஸும் இதுவும் ஒன்றுதானா? வீடியோவில் பார்த்தால் யாருமே பிரேக் பிடிக்கிற மாதிரித் தெரியவில்லையே?

பதில்: பெயரில் மட்டும்தான் ஒற்றுமை, தம்பி. கரிவரதன் நினைவாகப் பெயர் வைத்த உங்கள் ஊர் ட்ராக் தார் போட்டது, இடது வலது இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். நீங்கள் வீடியோவில் பார்த்தது பொடிக்கல்லும் மண்ணும் பரப்பிய, பெரும்பாலும் 300 மீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் நீள்வட்டம். நான்கு பேர், நான்கு சுற்று, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் ஓட்டுவதால் எல்லாமே இடது வளைவு. சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்து 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை.

பைக் 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனாலில் ஓடும், ஒரே கியர். பிரேக் கிடையவே கிடையாது. நான்கு பேர் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றாக வளைவுக்குள் நுழையும்போது ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் போக இடமிருக்காது, அதனால்தான் யாருக்குமே வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். வேகத்தைக் குறைப்பதெல்லாம் ஆக்சிலரேட்டரும் பின்சக்கரமும்தான்: பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே இடது பக்கம் வளைவார்கள். இடது காலில் இரும்புத் தகடு கட்டியிருக்கும், அந்தக் காலைத் தரையில் தேய்த்தபடியே போவார்கள். மணிக்கட்டில் ஒரு கயிறு, விழுந்தால் அது இழுபட்டு என்ஜின் நின்றுவிடும்.

கேள்வி (மதுரை): ஸ்மார்ஸ்லிக் பதினேழு வயதிலேயே பெரிய ஆட்களோடு வெற்றி மேடையேறினார் என்கிறார்களே, அது உண்மையா? பணக்கார வீட்டுப் பிள்ளையா, இல்லை பிறவித் திறமையா?

பதில்: உண்மைதான். 2012 ஜூனில் போலந்தின் கோஜூஃப் நகரில் நடந்த கிராண்ட் பிரீயில் (உலகப் பட்டத்துக்கான தொடரில் ஒரு போட்டி) உள்ளூர்ப் பையன் என்று ஒரு இடம் கொடுத்தார்கள், மூன்றாவதாக வந்தான். 1995 ஏப்ரலில் பிறந்தவன், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2014-இல் அதே ஊரில் அதே மாதிரி ஒரு இடம் கொடுத்தார்கள், அப்போது போட்டியையே ஜெயித்துவிட்டான். வயது 19.

ஆனால் திறமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. கோஜூஃப் பக்கத்தில் வாவ்ரூஃப் என்று ஒரு சிற்றூர். அங்கே போகுஸ்வாஃப் நோவாக் என்பவர் குழந்தைகளுக்குச் சின்ன பைக்கில் ஸ்பீட்வே சொல்லிக்கொடுத்தார். அவரே ஒரு காலத்தில் கோஜூஃப் அணிக்கு ஓட்டியவர். 1988-இல் ஒரு ரேஸில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது, அதிலிருந்து சக்கர நாற்காலிதான். தன்னைச் சாய்த்த விளையாட்டை விட்டுப் போகாமல், அதே விளையாட்டில் விழாமல் ஓட்டுவது எப்படி, விழ வேண்டி வந்தால் எப்படி விழுவது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்த மனிதர் அவர். அவரிடம் பழகிய பிள்ளைகளில் ஒருவன்தான் ஸ்மார்ஸ்லிக். அண்ணன் பாவெலும் ஸ்பீட்வே ஓட்டியவர்தான், ஆக வீட்டுக்குள்ளேயே பைக் பேச்சு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது போலந்து லீக்கின் ஒரு விதி. ஒவ்வொரு அணியிலும் 21 வயதுக்கு உட்பட்ட இரண்டு பேர் கட்டாயம் ஓட்ட வேண்டும், ஒரு லீக் போட்டியில் வரும் பல ரேஸ்களில் இரண்டாவது ரேஸ் முழுக்க அவர்களுக்கு மட்டும். ஒரு கிளப் எத்தனை பணம் கொட்டி வெளிநாட்டு நட்சத்திரங்களைக் கூட்டி வந்தாலும், இந்த இரண்டு பிள்ளைகள் புள்ளி எடுக்காவிட்டால் அந்த ஓட்டையை அடைப்பது கஷ்டம். அதனால் கிளப்புக்கே வேறு வழியில்லை, பிள்ளைகளை வளர்த்தே ஆக வேண்டும். ஸ்மார்ஸ்லிக் அந்த வழியாகத்தான் ஸ்டால் கோஜூஃப் அணிக்குள் வந்தார். அந்த அணி 2014-இல் லீக் பட்டம் வென்றபோது அவர் இன்னும் ஜூனியர்தான்.

கேள்வி (திருச்சி, ஒரு அம்மா): சார், என் மகனுக்குப் பதினேழு வயது. ‘அந்தப் பையன் என் வயதில் மேடையேறிவிட்டான், நான் ஏற்கெனவே லேட்’ என்று சொல்லி, பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு பைக் ரேஸுக்குப் போகிறேன் என்கிறான். அவனிடம் என்ன சொல்வது?

பதில்: அம்மா, மேலே எழுதியதோடு இன்னொரு விஷயத்தையும் அவனிடம் படித்துக் காட்டுங்கள். பத்தொன்பது வயதில் கிராண்ட் பிரீ ஜெயித்த பிறகும் ஸ்மார்ஸ்லிக் உடனே உலகத் தொடரில் முழுநேரமாக இறங்கவில்லை. 2015-இல் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம், அதன் பிறகு 2016-இல்தான் முழு சீசன், அதில் மூன்றாம் இடம். உலகப் பட்டம் 2019-இல்.

இன்னொருவர் கதையும் சொல்கிறேன். டை வொஃபிண்டன் 1990-இல் இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்தவர், அப்பா ராப் வொஃபிண்டனும் ஸ்பீட்வே ஓட்டியவர். மகன் ரேஸ் ஓட்ட வேண்டும் என்பதற்காகவே மறுபடி இங்கிலாந்து வந்தார்கள். 2010 ஜனவரியில் அப்பா புற்றுநோயில் இறந்துபோனார், அதே வருடம் பத்தொன்பது வயதில் டை உலகத் தொடரில் முதல் முழு சீசன் ஓட்டினார், பட்டியலில் கீழேதான் முடித்தார். அந்த வயதில், அந்தத் துக்கத்தோடு, உலகத்தின் மிகச் சிறந்த ஆட்களுக்கு நடுவில் அவர் ஓட்டியிருக்கவே வேண்டாம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. அப்புறம் இரண்டு வருடம் அந்தத் தொடரில் அவர் இல்லை. 2013-இல் திரும்பி வந்தார், நடுவில் காறை எலும்பு முறிந்தும் விடாமல் ஓட்டி 23 வயதில் உலக சாம்பியன் ஆனார். 2000-இல் மார்க் லோரம் வென்ற பிறகு பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

ஆபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மறைக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவின் டார்சி வார்ட் 2009, 2010 இரண்டு வருடமும் ஜூனியர் உலக சாம்பியன். 2015 ஆகஸ்டில் போலந்தில் ஒரு லீக் ரேஸில் விழுந்து முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது, அதோடு ரேஸ் வாழ்க்கை முடிந்தது. அப்போது அவருக்கு 23 வயது. உங்கள் மகன் இதையும் தெரிந்துகொண்டுதான் ஆசைப்பட வேண்டும்.

நம் நாட்டில் போலந்து மாதிரி ஸ்பீட்வே லீக் இல்லை. தார் ட்ராக் ரேஸ் என்றால் இருங்காட்டுக்கோட்டையும் கோவையும் இருக்கின்றன, போட்டியில் இறங்க இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் லைசென்ஸ் வேண்டும். முதலில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், கல்லூரியும் கூடவே போகட்டும். தெருவில் மட்டும் வேகம் காட்டக் கூடாது, அதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி (சேலம்): முதல்முறை ஸ்பீட்வே பார்க்கப்போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ரேஸ் தொடங்கும் முன் ஒரு நிமிடம். நான்கு பேரும் கோட்டுக்கு வந்ததும் உடனே நிற்க மாட்டார்கள், பின்சக்கரம் எங்கே பிடிக்கும் என்று மண்ணைக் காலால் தள்ளித் தள்ளிச் சரி செய்வார்கள், முந்தைய ரேஸில் விழுந்த பள்ளத்தை நிரப்புவார்கள், வெளியே கெட்டி மண்ணா உள்ளே ஈரமா என்று பார்ப்பார்கள். அப்புறம் குனிந்து, கிளட்ச்சைப் பிடித்தபடி, எதிரே குறுக்கே கட்டிய நாடாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது மேலே எழும் நொடியில் யார் கை முதலில் விட்டது என்று பாருங்கள், பெரும்பாலும் அவரே முதல் வளைவுக்குள் முதலில் போவார். அப்படிப் போகாமல் நான்காவதாக மாட்டிக்கொண்டவர் ஸ்மார்ஸ்லிக்காக இருந்தால் கண்ணை எடுக்காதீர்கள், வேலிக்கும் அடுத்தவர் சக்கரத்துக்கும் நடுவில் இடமே இல்லாத இடத்தில் நுழைந்து வருவார்.