0 பைட் காட்டும் பென் டிரைவ்: ஃபர்ம்வேரை நாமே சரிசெய்யலாமா?

கேள்வி: என் 32 ஜிபி பென் டிரைவைச் செருகினால் டிரைவ் எழுத்து தோன்றுகிறது, திறந்தால் டிஸ்க்கைச் செருகச் சொல்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘நோ மீடியா’, 0 பைட். ஃபார்மேட்டும் ஆகவில்லை. ஃபர்ம்வேர், அதாவது பென் டிரைவை உள்ளிருந்து இயக்கும் நிரல், கெட்டுவிட்டது என்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியலாம். அதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உள்ளே இருக்கும் கோப்புகள் வேண்டுமா, பென் டிரைவ் மட்டும் போதுமா? நான் கீழே சொல்லும் வழி கோப்புகளை அடியோடு அழித்துவிடும். பிரதி இல்லாத படங்களோ ஆவணங்களோ அதில் இருந்தால், இந்த நிமிடமே கழற்றி வைத்துவிட்டுத் தகவல் மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். அவர்கள் தரவு சேமிக்கப்படும் நேண்ட் சிப்பை நேரடியாகப் படித்து, சிதறிக் கிடக்கும் தரவைக் கோத்தெடுப்பார்கள். நீங்கள் ஒருமுறை ஃபர்ம்வேரை மாற்றிவிட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய இயலாது.

பென் டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்புக்குள் அழிக்க முடியாத சிறிய நிரல் ஒன்று உண்டு. மின்சாரம் வந்ததும் அது நேண்ட் சிப்பின் ஒதுக்கிய பகுதியிலிருந்து முழு ஃபர்ம்வேரை ஏற்றும். எந்தத் தரவு எங்கே, எந்த பிளாக் (நேண்டின் சிறு சேமிப்புப் பகுதி) பழுது என்னும் அட்டவணைகளும் நேண்டில்தான் இருக்கின்றன. எழுதும்போது பிடுங்கினாலோ நேண்ட் தேய்ந்தாலோ இவை சிதைகின்றன. அப்போது கன்ட்ரோலரால் தன் இருப்பைத்தான் அறிவிக்க முடியும். கொள்ளளவைச் சொல்ல முடியாது. டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியை எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லாமல் போவது அதனால்தான்.

வேறு போர்ட், வேறு கணினி இரண்டிலும் இதே நிலைதானா என்று பார்த்துவிட்டு, கன்ட்ரோலரைக் கண்டுபிடியுங்கள். வெளியே அச்சிட்ட பிராண்ட் பெயர் இதற்கு உதவாது. ஒரே மாடலிலேயே வெவ்வேறு கன்ட்ரோலர்கள் வருவதுண்டு. சிப்ஜீனியஸ் என்ற மென்பொருள் கன்ட்ரோலரின் பெயரையும் தயாரிப்பாளரைக் குறிக்கும் விஐடி, பொருளைக் குறிக்கும் பிஐடி எண்களையும் காட்டும். விஐடி 090சி என்றால் சிலிக்கான் மோஷன், 058எஃப் என்றால் அல்கார், 13எஃப்இ என்றால் ஃபைசனாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐயம் இருந்தால் உறையைப் பிரித்து, போர்டில் உள்ள சிறிய சிப்பின் எழுத்துகளை லென்ஸ் வைத்துப் படியுங்கள். பெரியது நேண்ட், அதன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வேண்டியது எம்பி டூல், அதாவது தொழிற்சாலையில் பென் டிரைவுக்கு முதன்முதலில் உயிர் கொடுக்கும் மென்பொருள். அது உங்கள் கன்ட்ரோலருக்கு உரியதாகவும் உங்கள் நேண்டை அறிந்த பதிப்பாகவும் இருக்க வேண்டும். பலர் தோற்பது இந்த இரண்டாவது நிபந்தனையில்தான். ஒரு பதிப்பு பிழை காட்டினால் இன்னொன்றை முயலுங்கள். இக்கருவிகளைத் தயாரிப்பாளர்கள் பொதுமக்களுக்கு வெளியிடுவதில்லை. கைமாறி வரும் பிரதிகளில் வைரஸ் இருக்கலாம். ஆகவே முக்கியமான எதுவும் இல்லாத பழைய விண்டோஸ் கணினியில், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டுங்கள். மற்ற யூஎஸ்பி டிரைவ்களையும் கழற்றிவிடுங்கள்; தவறான டிரைவ் அழிந்தால் திரும்பாது.

கருவி பென் டிரைவை அடையாளம் காணவே இல்லை என்றால் ஒரு வழி உண்டு. இருபுறமும் 24 கால்களாக மொத்தம் 48 கால் கொண்ட நேண்ட் சிப்பில், 29, 30 ஆகிய இரு கால்களை மெல்லிய ஊசி முனையால் இணைத்துப் பிடித்தபடி செருகி, கணினி கண்டுகொண்டதும் ஊசியை எடுத்துவிட வேண்டும். ஃபர்ம்வேரைப் படிக்க முடியாமல் கன்ட்ரோலர் தன் அடிப்படை நிலைக்கு வரும். கால்களை எண்ணுவதில் பிசகினால் சிப்பே போய்விடலாம். கை நடுங்குபவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைக் கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பிழை வந்தால், எம்பி டூலில் கடுமையான ஸ்கேன் முறையைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டலாம். பழுதான பிளாக்குகள் விலக்கப்பட்டுக் கொள்ளளவு சற்றுக் குறையும். அதற்குப் பிறகும் பிழை வந்தால் நேண்ட் தேய்ந்துவிட்டது, அந்த பென் டிரைவைக் கைவிடுங்கள். சோதனையில் தேறினாலும், வேறெங்கும் பிரதி இல்லாத கோப்பை இனி அதில் வைக்காதீர்கள்.