தட்டில் வளரும் கொழுப்புச் செல்: கேள்வி பதில்

உடல்பருமன் ஆய்வுக்காக ஆய்வகத்தில் கொழுப்புச் செல் வளர்ப்பது பற்றி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செல் வளர்ப்பு வேலை பார்க்கும் நம் உறுப்பினர் பதில் சொல்கிறார். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்.

லெனேசியா, முதுகலை மாணவி: அக்கா, 3டி3-எல்1 என்ற எலிச் செல்கள் நன்றாகப் பெருகுகின்றன. ஆனால் பத்தில் இரண்டு செல்லில்தான் எண்ணெய்த் துளி வருகிறது. செல்லைக் கொழுப்புச் செல்லாக மாற்றும் மருந்துக் கலவை சரியாகத்தான் இருக்கிறது.

கலவைக்கு முன்பே தப்பு நடந்திருக்கும், தங்கச்சி. இவை சுண்டெலிக் கருவிலிருந்து வந்த முன்கொழுப்புச் செல்கள், அதாவது இனிமேல்தான் கொழுப்புச் செல்லாக மாற வேண்டியவை. தட்டு எழுபது சதவீதம் நிரம்பியதும் புதுத் தட்டுகளுக்குப் பிரித்துவிட வேண்டும். முழுக்க நிரம்பவிட்டுப் பிரித்தால் கொழுப்பாக மாறக்கூடியவை பின்தங்கிவிடும், மாறாதவையே பெருகி அடுத்த தட்டைப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் பிரித்த செல்லை நம்ப வேண்டாம்.

கொழுப்புச் செல்லாக மாற்றும்போது மட்டும் தட்டை முழுக்க நிரம்பவிட்டு, அதன்பின் இரண்டு நாள் சும்மா விடுங்கள். பெருக்கம் நின்றபிறகுதான் கலவை: 0.5 மில்லிமோலார் ஐபிஎம்எக்ஸ், 1 மைக்ரோமோலார் டெக்சாமெத்தசோன், மில்லிலிட்டருக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் இன்சுலின். செல் வளரும் திரவமான ஊடகத்தில் அதுவரை கன்றின் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்), கலவை போடும் நாளிலிருந்து கருக்கன்றுச் சீரம், இரண்டும் 10 சதவீதம். 48 மணி நேரம் கழித்து இன்சுலின் மட்டும், இன்னும் இரண்டு நாள். பிறகு சாதாரண ஊடகம், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி. எட்டாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவே துளிகள் நிறைந்திருக்க வேண்டும்.

ஐபிஎம்எக்ஸ் குளிரில் படிந்துவிடும். அடியில் வெள்ளைத்துகள் தெரிந்தால் சூடாக்கிக் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். சீரத்தை மூன்று நான்கு லாட் (தயாரிப்புத் தொகுதி) வாங்கிச் சோதித்து, எது நன்றாக மாற்றுகிறதோ அதிலேயே மொத்தமாக எடுங்கள். மாதம் ஒருமுறை மைக்கோபிளாஸ்மா (செல் தட்டில் தொற்றும் நுண்ணுயிர்) சோதனை, தவறவே கூடாது.

சாட்ஸ்வொர்த்: லோட்ஷெட்டிங் மின்வெட்டில், செல் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டி நின்றுவிட்டால்?

கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் இரண்டு மணி நேரம் பெரும்பாலும் தாங்கும். வெப்பம் இறங்குவதைவிட கார்பன் டை ஆக்சைடு குறைந்து ஊடகம் காரமாவதுதான் ஆபத்து. நீண்ட மின்வெட்டு இருக்கும் நாளில் ஊடகத்தில், காரத்தன்மை ஏறாமல் பிடித்துவைக்கும் ஹெப்பீஸை 25 மில்லிமோலார் சேருங்கள். கலவை போடும் 48 மணி நேரத்தை மின்வெட்டு அட்டவணை பார்த்து வையுங்கள். விதைச் செல்லைத் திரவ நைட்ரஜனில் வையுங்கள், அதற்குக் கரண்ட் வேண்டாம்.

டோங்காட்: எந்தக் கம்பெனி சீரம் நல்லது?

கம்பெனி அல்ல, லாட். முதல் பதிலில் இருக்கிறது.

ஃபீனிக்ஸ்: பாகற்காய்ச் சாற்றை இந்தச் செல்லில் ஊற்றினோம். எண்ணெய்த் துளி பாதியாகிவிட்டது. எடை குறைக்க இது போதாதா அண்ணன்மாரே, அக்காமாரே?

போதாது. செத்த செல்லிலும் எண்ணெய் இருக்காது. அதனால் எத்தனை செல் உயிரோடு இருக்கின்றன என்று அதே தட்டில் எம்டிடி என்ற உயிர்ச்செல் சோதனை செய்யுங்கள். கலவை போட்ட முதல் நாளே சாற்றை ஊற்றினால் நீங்கள் பார்ப்பது கொழுப்புக் கரைவதை அல்ல, செல் மாறாமல் தடைபடுவதை. நிறைந்த செல்லில் எட்டாம் நாள் சாற்றை ஊற்றி, ஊடகத்தில் கிளிசரால் வெளிவருகிறதா என்று அளந்தால்தான் கரைவது தெரியும். தட்டில் ஊற்றிய அளவு, குடித்தால் இரத்தத்தில் வரவே வராது என்பதும் உண்டு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: செல் கொழுப்பாக மாறாமல் தடுத்தால் நல்லதுதானே? நம் வீடுகளில் பாதிப்பேருக்குச் சர்க்கரை. கொழுப்பு வேண்டும் என்கிறீர்களா?

ஆம், அண்ணா, சரியான இடத்தில் வேண்டும். லிப்போடிஸ்ட்ரோபி உள்ளவர்களுக்குத் தோலடிக் கொழுப்பு மிகக் குறைவு. அவர்களுக்குக் கடும் சர்க்கரை நோய், ஈரல் கொழுப்பு, எகிறும் டிரைகிளிசரைடு எல்லாம் வரும். பிபார் காமா என்ற மரபணு முன்கொழுப்புச் செல்லைக் கொழுப்புச் செல்லாக்குகிறது. அது பழுதானாலே ஒருவகை லிப்போடிஸ்ட்ரோபி. அதைத் தூண்டும் பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து எடையைக் கூட்டுகிறது, சர்க்கரையைக் குறைக்கிறது. பானை நிறைந்தபின் ஊற்றும் எண்ணெய் அடுப்பில் வழிவதுபோல், கொழுப்புச் செல்லில் இடமில்லாதது ஈரலிலும் தசையிலும் போய்ச் சேர்கிறது. தெற்காசியர் ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வருவதற்கு இது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. அதனால்தான் இடுப்பளவு எல்லையும் நமக்குக் குறைவு: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்.

அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்: எலிச் செல்லை வைத்து இதைச் சொல்ல முடியுமா?

முடியாது. மேலே சொன்னது மனித நோயாளிகளிடம் கண்டது. தட்டில் வளரும் இந்த எலிச் செல்லில் துளிகள் பலவாகச் சிதறியிருக்கும், நம் உடலின் கொழுப்புச் செல்லில் ஒரே பெரிய துளி. கொழுப்புச் செல் சுரக்கும் லெப்டின் ஹார்மோனையும் 3டி3-எல்1 மிகக் குறைவாகவே சுரக்கும். ஊடகத்தின் குளுக்கோஸ் 25 மில்லிமோலார். வீட்டு மீட்டரில் 25 மில்லிமோலார் வந்தால் நாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம், செல் அதிலேயே ஊறுகிறது. இன்சுலின் ஆய்வுக்கு 5-க்கு இறக்கிச் சோதித்துப் பாருங்கள்.

ஆனால் மனிதச் செல்லை வளர்த்தால் தட்டு பேசும். எஃப்டிஓ மரபணுவில் உடல்பருமனோடு தொடர்புள்ள ஒரு டிஎன்ஏ எழுத்து என்ன செய்கிறது என்பதை 2015-ல் மனித முன்கொழுப்புச் செல்லில் அந்த ஒரே எழுத்தைத் திருத்திக் காட்டினார்கள். திருத்தியதும் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 என்ற இரு மரபணுக்களின் செயல்பாடு இறங்கியது, செல் மீண்டும் கொழுப்பை எரித்து வெப்பமாக்கியது. எலியையும் பாகற்காயையும் மட்டும் வைத்து இதைக் கண்டிருக்க முடியாது.

உம்லங்கா: அறுவையில் கிடைக்கும் கொழுப்பை வாங்கலாமா?

2003-ம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி ஒப்புதல் வேண்டும், நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும். பிறகு திசுவைப் பிரிக்கும் நொதியான கொலாஜினேஸ் 0.1 சதவீதத்தில், 37 பாகையில் 30 முதல் 60 நிமிடம் வைத்து, 300 ஜி விசையில் சுழற்றுங்கள். மேலே மிதப்பது முதிர்ந்த கொழுப்புச் செல், அடியில் படிவதில்தான் உங்களுக்கு வேண்டிய முன்கொழுப்புச் செல் இருக்கிறது. தோலடியா, வயிற்றுள்ளா என்று குப்பியில் எழுதாமல் எடுத்தால் அந்த மாதிரி வீண்.

ஸ்டாங்கர்: என் செல்களும் மாறவில்லை அக்கா.

முதல் பதில். மைக்கோபிளாஸ்மா சோதித்தீர்களா?

சாட்ஸ்வொர்த்: அம்மாவுக்கு எடை குறைக்கும் ஊசி போடலாமா?

மருத்துவரிடம் கேளுங்கள். தட்டு இதற்குப் பதில் சொல்லாது.

ரிசர்வாயர் ஹில்ஸ்: எண்ணெய்த் துளியைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயம் தூசியாகப் படிகிறது.

சேமிப்புச் சாயம் மூன்று பங்கு, நீர் இரண்டு பங்கு. பத்து நிமிடம் வைத்து வடிகட்டி உடனே ஊற்றுங்கள். சாயம் ஊற்றும் முன் செல்லை 60 சதவீத ஐசோபுரொப்பனாலில் அலசுங்கள். நிறைந்த செல்கள் எளிதில் பிய்ந்து மிதக்கும், ஊடகத்தை முழுக்க உறிஞ்சாதீர்கள், சுவரோரமாக ஊற்றுங்கள்.